சொட்டு மருந்தை யார் நிறுத்தச் சொன்னது?

கேள்வி: வணக்கம் டாக்டர். எனக்கு 27 வயது. வீடு பட்டர்வொர்த்தில், வேலை பாயான் லெப்பாஸில் ஒரு மின்னணுத் தொழிற்சாலையில். இரண்டு கண்ணிலும் கிட்டப்பார்வை, 700 பவர் (மைனஸ் 7). கார்னியா மெலிசாக இருக்கிறது, லாசிக் சரிவராது என்று சொல்லி ஐந்து வாரத்துக்கு முன்னால் பிஆர்கே முறையில் லேசர் செய்தார்கள். முதல் நான்கு நாள் வலியில் உயிர் போய் வந்தது. அப்புறம் பார்வை நன்றாகத் தெளிந்தது. மூன்றாவது வாரம் வீட்டுக்கு வந்த அத்தை மருந்துப் பாட்டிலைப் பார்த்துவிட்டு, "இது ஸ்டீராய்டு, கண்ணைக் கெடுத்துவிடும்" என்றார். பார்வைதான் வந்துவிட்டதே என்று நானும் நிறுத்திவிட்டேன். இப்போது பத்து நாளாக எல்லாம் பனி மூடியதுபோல் தெரிகிறது. இரவு ஷிப்டு முடிந்து பினாங்குப் பாலத்தில் மோட்டாரில் வரும்போது விளக்குகள் சிதறித் தெரிகின்றன. லேசருக்குப் பிறகு கார்னியாவில் உயிரணுக்கள் செத்துப்போகும், அழற்சி வரும் என்று இணையத்தில் படித்தேன். என் கண் உள்ளே செத்துக்கொண்டிருக்கிறதா? நந்தியாவட்டைப் பூச் சாறு விடலாம் என்கிறார் அத்தை. தைப்பூசத்துக்கு இன்னும் இரண்டு வாரம்தான். பால்குடம் எடுப்பதாக வேண்டுதல். போகலாமா?
பெயர் வேண்டாம், பட்டர்வொர்த்

பதில்: தம்பி, உங்கள் கண் செத்துக்கொண்டிருக்கவில்லை. சாக வேண்டிய உயிரணுக்களில் பெரும்பகுதி ஆபரேஷன் நடந்த அன்றைக்கே செத்து முடிந்துவிட்டது. நீங்கள் கறுப்புக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வீட்டுக்கு வந்து படுத்தீர்களே, அந்த நேரத்திலேயே. இன்றைக்கு உங்களுக்குத் தெரியும் பனி அதற்குப் பிறகு வந்த வேறொரு கதை. அந்தக் கதையை விவரமாகவே சொல்கிறேன். அதற்கு முன்னால் ஒரு வேலை செய்யுங்கள். நாளைக் காலையில் ஆபரேஷன் செய்த கிளினிக்குக்குப் போன் போட்டு, "ஸ்டீராய்டு சொட்டை இரண்டு வாரத்துக்கு முன்னால் நானாக நிறுத்திவிட்டேன், பார்வை மங்குகிறது" என்று இதே வார்த்தைகளில் சொல்லுங்கள். அடுத்த செக்கப் தேதி வரட்டும் என்று உட்கார்ந்திருக்க வேண்டாம். கண் சிவந்து வலித்தாலோ, பீளை தள்ளினாலோ, பார்வை திடீரென்று விழுந்தாலோ நாளை வரைக்கும்கூடக் காத்திருக்கக் கூடாது. அன்றைக்கே எமர்ஜென்சிக்குப் போய்விட வேண்டும்.

சரி, இப்போது உங்கள் கேள்வி.

கார்னியா என்றே எழுதுகிறேன். கருவிழி என்று எழுதினால் பாதிப் பேர் கண்ணின் நடுவில் இருக்கும் கறுப்பு வட்டத்தை நினைத்துக்கொள்கிறார்கள். நான் சொல்வது அதற்கும் முன்னால், கடிகாரத்தின் மேல் கண்ணாடி மாதிரி மூடியிருக்கும் தெளிந்த படலத்தை. மொத்தமே அரை மில்லிமீட்டர் கனம்தான், அதாவது ஏறக்குறைய 540 மைக்ரான். மேலே 50 மைக்ரானுக்கு ஒரு மெல்லிய தோல். அதன் கீழே கொலாஜன் நார்கள் அடுக்கடுக்காகப் படுத்திருக்கும் ஸ்ட்ரோமா. கார்னியாவின் கனத்தில் பத்தில் ஒன்பது பங்கு இதுதான். அந்த நார்களுக்கு நடுவே அங்கொன்றும் இங்கொன்றுமாகத் தட்டையான உயிரணுக்கள் உட்கார்ந்திருக்கும். அவற்றுக்குக் கெரட்டோசைட் என்று பெயர். நாரைப் பராமரிப்பது அவற்றின் வேலை. இரத்தக் குழாய் எதுவும் அங்கே கிடையாது, அதனால்தான் அது கண்ணாடி மாதிரி இருக்கிறது.

பிஆர்கேயில் மேல்தோலை முழுக்க அகற்றிவிட்டு, ஸ்ட்ரோமாவின் மேற்பரப்பை லேசரால் செதுக்குகிறார்கள். உங்கள் 700 பவருக்கு, 6 மில்லிமீட்டர் வட்டத்தில் செதுக்கினால், கணக்குப்படி 84 மைக்ரான் போயிருக்கும். லாசிக்கில் முதலில் நூறு மைக்ரானுக்கு மேல் கனத்தில் ஒரு மடல் வெட்டித் தூக்கிவிட்டு, அதற்கும் கீழே செதுக்க வேண்டும். மெலிசான கார்னியாவில் அப்படிச் செய்தால் மிச்சம் தாங்காது. உங்களுக்கு லாசிக் வேண்டாம் என்றவர் சரியாகத்தான் சொல்லியிருக்கிறார்.

லேசர் சுட்டதால் உயிரணுக்கள் செத்தன என்றுதான் எல்லோரும் நினைக்கிறார்கள். அப்படி இல்லை. 193 நானோமீட்டர் அலைநீளமுள்ள இந்த எக்சைமர் லேசருக்குப் பக்கத்துத் திசுவைக் கருக்காமல் செதுக்கத் தெரியும். திசுவை அப்படிச் செதுக்க முடியும் என்று கண்டுபிடித்த மூவரில் ஒருவர் சென்னையில் பிறந்து சென்னைப் பல்கலைக்கழகத்தில் படித்த ரங்கசாமி ஸ்ரீனிவாசன் என்பது இதைப் படிக்கிற பலருக்குத் தெரியாது. 1981 நவம்பரில், அமெரிக்காவில் நன்றி தெரிவிக்கும் நாள் விருந்தில் மிஞ்சிய வான்கோழி எலும்பையும் குருத்தெலும்பையும் ஐபிஎம் ஆய்வுக்கூடத்துக்கு எடுத்துப் போய் லேசரை அடித்துப் பார்த்தார். கருகாமல், ஓரம் சிதையாமல் வெட்டு விழுந்தது. இன்றைக்கு உலகம் முழுக்க நடக்கும் கண் லேசருக்கு அந்த விருந்து மிச்சம்தான் பிள்ளையார் சுழி.

சூடு கொல்லவில்லை என்றால் வேறு எது கொன்றது? மேல்தோலில் பட்ட காயம். லேசரே வேண்டாம், மேல்தோலை மட்டும் சுரண்டி எடுத்தால்கூட அதன் கீழே இருக்கும் கெரட்டோசைட்டுகள் காணாமல் போய்விடும். 1968-லேயே இதைக் கவனித்து எழுதியிருக்கிறார்கள். அது அபோப்டோசிஸ் என்று 1996-இல் காட்டியது ஸ்டீவன் வில்சன் என்ற அமெரிக்கக் கண் மருத்துவரின் குழு. காயம்பட்ட மேல்தோல் உயிரணுக்கள் இன்டர்லூக்கின்-1 போன்ற இரசாயனச் செய்திகளைக் கீழே அனுப்புகின்றன. செய்தி கிடைத்த கெரட்டோசைட், தனக்குள் ஏற்கெனவே எழுதி வைத்திருக்கும் சாவுத் திட்டத்தை எடுத்து நடத்திக்கொள்கிறது. இந்தச் சாவு காயம் பட்டவுடனே தொடங்கி, நான்கு மணி நேரத்துக்குள் உச்சத்துக்குப் போகிறது. சிறிய அளவில் ஒரு வாரம் வரை இழுக்கும், அவ்வளவுதான்.

அபோப்டோசிஸ் என்ற பெயரை 1972-இல் வைத்தார்கள். கிரேக்க மொழியில் இலை உதிர்வதைக் குறிக்கும் சொல். பொருத்தமான பெயர். ஆண்டுத் தொடக்கத்தில் ரப்பர் மரம் இலை உதிர்ப்பதைப் பார்த்தவர்களுக்குத் தெரியும், மரம் நோயில் விழவில்லை, தானே காம்பை விடுகிறது. உயிரணுவும் அப்படித்தான் சுருங்கி, சின்னச் சின்னப் பொட்டலமாகத் தன்னைக் கட்டி வைத்துவிட்டுப் போகிறது. இன்னொரு வகைச் சாவு உண்டு, நெக்ரோசிஸ். அதில் உயிரணு வெடித்து உள்ளே இருப்பதையெல்லாம் வெளியே கொட்டும். கொட்டியதைக் கழுவ அழற்சி ஓடி வரும். முதல் சில மணி நேரத்தில் பெரும்பாலும் முதல் வகை. நேரம் ஆக ஆக இரண்டாம் வகையும் கலந்துகொள்ளும்.

கண் எதற்காக இப்படித் தன் உயிரணுவையே பலி கொடுக்கிறது? ஒரு விளக்கம் எனக்குப் பிடித்திருக்கிறது. கண்ணின் மேல்தோலில் ஹெர்பீஸ் போன்ற வைரஸ் புகுந்தால், அது கீழே இறங்கிப் பரவாமல் இருக்க அடுத்த அடுக்கை முன்கூட்டியே காலி செய்து வைக்கும் பழைய தற்காப்பு இது என்கிறார்கள். தோட்டத்தில் லாலாங் புல்லில் தீ பிடித்தால் என் தாத்தாவும் மற்றவர்களும் தீக்கு முன்னால் ஓடிப்போய் ஒரு பாட்டை அகலத்துக்குப் புல்லை வெட்டித் தள்ளுவார்களாம். வெட்டிய புல் வீண்தான். ரப்பர் மரம் தப்பிவிடும்.

இதற்குப் பிறகுதான் உங்கள் பனி வருகிறது. அரை நாளிலிருந்து ஒரு நாளுக்குள், பிழைத்திருக்கும் கெரட்டோசைட்டுகள் பெருகி, காலியான இடத்தை நிரப்பக் கிளம்பும். அதே நேரத்தில் கார்னியாவின் ஓரத்து இரத்தக் குழாய்களிலிருந்து அழற்சி உயிரணுக்கள் உள்ளே வரும்; குப்பை அள்ளுவதும் கிருமி இருந்தால் பிடிப்பதும் அவற்றின் வேலை. இதுவரை எல்லாம் ஒழுங்கு. பவர் அதிகமாக இருந்து ஆழமாகச் செதுக்கிய கண்களில், குறிப்பாக 600-க்கு மேல், ஒரு கூட்டம் மயோஃபைப்ரோபிளாஸ்ட் என்ற உயிரணுக்களாக மாறிவிடலாம். காயத்தை இழுத்து மூடுகிற முரட்டு வேலைக்காரர்கள் இவர்கள். சாதாரண கெரட்டோசைட்டுக்குள்ளே அதைக் கண்ணாடி மாதிரி வைத்திருக்கும் புரதங்கள் நிறைந்திருக்கும். இந்த முரடர்களிடம் அது குறைவு, அதனால் அவர்கள் உடம்பே ஒளியைச் சிதறடிக்கும். போதாததற்கு, ஒழுங்கில்லாத கொலாஜனையும் கொட்டி வைப்பார்கள்.

நான் ஸ்லிட் லேம்பில், அந்த மெல்லிய கீற்று வெளிச்சத்தில் பார்க்கும்போது, தெளிந்த கார்னியா இரண்டு பளிச்சென்ற கோடுகளுக்கு நடுவே ஏறக்குறைய வெறுமையாகத் தெரியும். மங்கல் விழுந்த கண்ணில் மேல் கோட்டுக்குச் சற்றுக் கீழே, ஆறின கஞ்சியின் மேல் படியும் ஆடைபோல, சாம்பல் நிறத்தில் பொடிப்பொடியாக ஒரு படலம் இருக்கும். இதை ஹேஸ் என்றுதான் நாங்கள் கேஸ் பேப்பரில் எழுதுகிறோம். சுமத்ராக் காட்டுத் தீயால் இங்கே வரும் புகைமூட்டத்துக்கும் அதே பெயர்தான். பார்த்துவிட்டு, "டாக்டர், சுமத்ராவில் காட்டை எரித்தால் கண்ணுக்குள்ளேயும் வருமா?" என்று ஒரு பெரியவர் உண்மையாகவே கேட்டார். 1997-லும் 2015-லும் இங்கே இருந்தவர் கேட்கத்தான் செய்வார்.

இந்த மங்கல் எப்படி விலகும் என்பது உங்களுக்கு ஆறுதலாக இருக்கும். மேல்தோலுக்கு அடியில் ஓர் அடித்தளச் சவ்வு மறுபடி ஒழுங்காக உருவானதும், மேலேயிருந்து கசிந்து வந்து முரடர்களுக்குச் சோறு போட்ட வளர்ச்சிப் புரதம், டிஜிஎஃப் பீட்டா, வருவது நிற்கும். சோறு நின்றதும் அந்த மயோஃபைப்ரோபிளாஸ்டுகளும் அதே அபோப்டோசிஸ் முறையில் உதிர்ந்துவிடும். அப்புறம் நல்ல கெரட்டோசைட்டுகள் திரும்பி வந்து, தாறுமாறாகக் கிடக்கும் கொலாஜனைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சரிசெய்யும். நீங்கள் பயந்த அதே உயிரணுச் சாவைத்தான் இப்போது நாம் எதிர்பார்த்துக் காத்திருக்க வேண்டும். லேசான மங்கல் சில மாதங்களில் போய்விடும். அழுத்தமானது ஓர் ஆண்டோ அதற்கு மேலோ எடுக்கும். போகிற வரைக்கும் கொஞ்சம் கிட்டப்பார்வையும் திரும்பலாம், 75, 100 என்று. அதற்காக உடனே இன்னொரு லேசருக்கு ஓட வேண்டாம்.

ஒரு விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன்: உங்களுக்கு இருப்பது மங்கல்தான் என்று கடிதத்தை வைத்து நான் முடிவு சொல்ல முடியாது. காலக்கணக்கும் பவரும் பொருந்துகின்றன. ஆனால் கண் வறண்டு போனாலும் பனி போலத் தெரியும், அதுவும் ஈரப்பதத்தைக் குறைத்துக் காற்றை ஓயாமல் ஓட்டும் கிளீன் ரூமுக்குள் எட்டு மணி நேரம், பன்னிரண்டு மணி நேரம் நிற்பவருக்கு. வெறும் பவர் திரும்பியிருந்தாலும் இப்படித்தான். கண் அழுத்தம் ஏறினாலும் மங்கும். இந்த அழுத்த விஷயத்தில்தான் அத்தை வருகிறார்.

அத்தை சொன்னதில் பாதி சரி, தம்பி. ஸ்டீராய்டு சொட்டு சிலருக்குக் கண் அழுத்தத்தை ஏற்றும். வாரக்கணக்கில் விட்டால், ஏறக்குறைய மூன்றில் ஒருவருக்கு ஓரளவாவது ஏறும். நூற்றில் ஐந்து பேருக்கு மோசமாக ஏறும். வலியே இருக்காது, கவனிக்காமல் விட்டால் பார்வை நரம்பு போய்விடும். இதில் இன்னொரு சூட்சுமம் இருக்கிறது. லேசரில் கார்னியா மெலிந்துவிட்டதால் அழுத்தம் பார்க்கும் கருவி உண்மையைவிடக் குறைவாகக் காட்டும். 17 என்று காட்டினால், 10-இலிருந்து 21 வரைதானே சாதாரணம் என்று நிம்மதியாக இருந்துவிட முடியாது. ஆபரேஷனுக்கு முன்னால் எவ்வளவு இருந்தது என்று ஒப்பிட வேண்டும். லாசிக் செய்தவர்களுக்கு இது இன்னும் தந்திரமானது. மடலுக்கு அடியில் அழற்சி வந்து மணல் தூவினாற்போல் தெரியும் ஒரு நிலை உண்டு. முதல் சில நாளில் வரும், ஸ்டீராய்டை அடிக்கடி விட்டால் அடங்கும். ஒரு வாரம் தாண்டி, பார்ப்பதற்கு அதே மாதிரி இன்னொன்று வரும்; அது ஸ்டீராய்டால் ஏறிய அழுத்தத்தால் வருவது. முதலாவது என்று நினைத்து மருந்தைக் கூட்டினால் நிலைமை மோசமாகும், குறைத்தால்தான் சரியாகும். பயிற்சி காலத்தில் நானே இப்படி ஒருவருக்கு இரண்டு நாள் மருந்தைக் கூட்டி எழுதியிருக்கிறேன். மூத்தவர் ஒருவர் அழுத்தத்தை மறுபடி, கார்னியாவின் ஓரத்தில் வைத்துப் பார்க்கச் சொன்ன பிறகுதான் விளங்கியது.

அதனால் அத்தையின் பயம் நியாயம். அவர் சொன்ன வைத்தியம்தான் தப்பு. ஸ்டீராய்டு விடுகிறவர் அழுத்தத்தைப் பார்த்துக்கொண்டே விட வேண்டும். நிறுத்தும்போது நாளுக்கு நான்கு, மூன்று, இரண்டு, ஒன்று என்று வாரக்கணக்கில் இறக்க வேண்டும். சட்டென்று நிறுத்தினால் அடங்கியிருந்த அழற்சி திமிறி எழும். சொட்டு மட்டுமே மங்கலைத் தடுத்துவிடும் என்று நான் சத்தியம் செய்ய மாட்டேன். ஒழுங்காக விட்டவர்களுக்கும் மங்கல் வந்து பார்த்திருக்கிறேன். அதற்காகத்தான் அதிகப் பவர்க்காரர்களுக்கு ஆபரேஷன் மேசையிலேயே மைட்டோமைசின் சி என்ற மருந்தைப் பஞ்சில் நனைத்துச் சில நொடிகள் வைத்துக் கழுவி விடுகிறார்கள். முரடர்களாக மாறப்போகிறவர்களைப் பெருக விடாமல் அது தடுக்கும். உங்களுக்கு வைத்தார்களா, எத்தனை நொடி என்று கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். ஆபரேஷன் குறிப்பில் இருக்கும். கேட்பது உங்கள் உரிமை. ஒன்றும் நினைக்க மாட்டார்கள்.

இதைப் படித்துவிட்டு, மேசை டிராயரில் கிடக்கும் மிச்ச மருந்தை எடுத்து நீங்களாக மறுபடி விட ஆரம்பிக்க வேண்டாம். அழுத்தம் தெரியாமல் அது கூடாது. போதாததற்கு, அந்தப் பாட்டிலைத் திறந்து ஐந்து வாரம் ஆகிறது; திறந்த சொட்டு மருந்துக்குப் பொதுவாக நான்கு வாரம்தான் ஆயுள். வாயில் உதட்டோரம் கொப்புளம் போடும் ஹெர்பீஸ் எப்போதாவது கண்ணிலும் வந்திருந்தால் அதையும் டாக்டரிடம் சொல்லுங்கள். லேசரும் ஸ்டீராய்டும் அதைத் தட்டி எழுப்பக்கூடும்.

நந்தியாவட்டைச் சாறு வேண்டாம். தாய்ப்பாலும் வேண்டாம், பன்னீரும் வேண்டாம். பூ நல்ல பூதான், சாமிக்குப் போடுங்கள். அம்மியிலோ உள்ளங்கையிலோ கசக்கிய சாற்றில் என்னென்ன கிருமி இருக்கிறது என்று யாருக்கும் தெரியாது. காயம் ஆறிக்கொண்டிருக்கிற, இந்த அளவுக்கு மெலிந்துபோன கார்னியாவில் பூஞ்சை புகுந்தால் நானோ வேறு யாரோ மாதக்கணக்கில் போராட வேண்டியிருக்கும். ஈரம் வேண்டுமென்றால் பாதுகாப்புப் பொருள் கலக்காத செயற்கைக் கண்ணீர், ஒருமுறை திறந்து வீசும் குட்டிக் குப்பியில், ஃபார்மசியில் கிடைக்கும். கிளீன் ரூமுக்குள் போவதற்கு முன்னாலும் ஓய்வு நேரத்திலும் விடுங்கள்.

இரவு மோட்டார் இப்போதைக்கு வேண்டாம். பாலம் பதின்மூன்றரை கிலோமீட்டர். விளக்கு சிதறுகிற கண்ணோடு லாரிகளுக்கு நடுவே நீங்கள் வருவதை நினைத்தால் எனக்கே வயிற்றைக் கலக்குகிறது. தொழிற்சாலைப் பேருந்து இருக்கும், இல்லாவிட்டால் ஷிப்டு மாற்றக் கேளுங்கள். எம்சியோ (மருத்துவ விடுப்புச் சீட்டு) கடிதமோ கிளினிக்கில் தருவார்கள்.

இனி தைப்பூசம். நீங்கள் பால்குடம் எடுக்கும்போது ஆபரேஷன் ஆகி ஏழு வாரம் ஆகியிருக்கும். மேல்தோல் எப்போதோ மூடியிருக்கும். உங்களுக்கு மடல் இல்லாததால் நகர்ந்துபோகவும் ஒன்றுமில்லை. பார்த்த டாக்டர் சரி என்றால் வேண்டுதலைத் தள்ளிப்போட வேண்டியதில்லை. வெயில்தான் எனக்குக் கவலை. புற ஊதாக் கதிர் இந்த மங்கலைக் கிளப்பிவிடும், மாதங்கள் கழித்துக்கூட. நம் ஊரில் நண்பகலில் புற ஊதாக் குறியீடு 11-ஐத் தாண்டுவது சாதாரணம். அதனால் இருட்டோடு கிளம்பி, வெயில் ஏறுவதற்குள் தண்ணீர்மலைப் படியேறி இறங்கிவிடுங்கள். விடிந்ததும் புற ஊதாக் கதிரைத் தடுக்கும் கறுப்புக் கண்ணாடி, பக்கவாட்டையும் மறைப்பதாக. பால்குடத்தோடு கூலிங் கிளாஸா என்று யாராவது சிரித்தால் சிரித்துவிட்டுப் போகட்டும். அடுத்த ஆறு மாதத்துக்காவது பகலில் வெளியே போனால் இந்தக் கண்ணாடி வேண்டும்.

முதல் நாள் இரதம் வரும் பாதையில் தேங்காய் உடைக்கிற இடத்துக்கு மட்டும் போகாதீர்கள். மலைபோல் குவித்து உடைப்பார்கள், பார்க்க அழகுதான். ஒரு தைப்பூசத்துக்கு மறுநாள், சில்லு பறந்து கார்னியாவில் குறுக்கே கீறிக்கொண்டு வந்த பையனுக்கு நான்தான் ஓட்டு நாரை எடுத்துவிட்டேன். லேசர் செய்யாத கண் என்பதால் அவன் தப்பித்தான். விபூதியை நெற்றியில் பூசச் சொல்லுங்கள், தலைக்கு மேல் தூவ வேண்டாம் என்று முன்கூட்டியே சொல்லி வையுங்கள். வியர்வையோடு சந்தனமும் பாலும் வழிந்து கண்ணுக்குள் போனால் கசக்காமல், செயற்கைக் கண்ணீரை இரண்டு மூன்று குப்பி விட்டுக் கழுவுங்கள். குழாய்த் தண்ணீர் வேண்டாம்.

கிளினிக்குக்குப் போகும்போது எல்லா மருந்துப் பாட்டில்களையும், காலியானதையும் சேர்த்து, ஒரு பிளாஸ்டிக் பையில் போட்டு எடுத்துப் போங்கள். எந்த மருந்து, எந்த நாள் நிறுத்தினீர்கள் என்று ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். "அழுத்தத்தைப் பாருங்கள், மங்கல் எத்தனையாவது கிரேடு என்று சொல்லுங்கள்" என்று நீங்களே கேளுங்கள். அத்தையையும் கூட்டிப் போங்கள். ஸ்டீராய்டைப் பற்றி அவர் கேட்கிற கேள்வி உங்களுடையதைவிட நன்றாக இருக்கும் என்று நினைக்கிறேன்.